வெண்படைக்கு ஒரு தொண்டன்

ஹவுன்ஸ்லோ
8 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பி றமணனுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அத்தானும் உன் மருமகனும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி? நான் அனுப்பின எண்ணெயைப் பூசுகிறாயா, அல்லது போத்திலை அலுமாரியில் வைத்துப் பூசை செய்கிறாயா? போன வருசம் உன் போனை வாங்கிக் கிண்டிப் பார்த்த ஆட்கள் மறுபடி வந்தார்களா? லண்டனில் இருந்து யார், ஏன் எடுக்கிறது என்று அவர்கள் கேட்ட அன்றே நீ போனை விட்டாய். அதனால் இந்தக் காலத்திலும் நான் பேனை பிடிக்க வேண்டிக் கிடக்கிறது. திருகோணமலைக்கு வருகிற கிளறிற்றா ரீச்சரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். தபாலில் போட்டால் நீ வாசிக்கமுதல் வேறு யார் யார் வாசிப்பார்களோ.

முதலில் ஒரு பகிடி கேள். நிருஜன் ஒருநாள் வேளைக்கு வந்து, "அம்மா, இனி ஞாயிற்றுக்கிழமையளிலை நான் வொலன்டியர்ஸோடை" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் தொண்டர்களோடு சேர்ந்துவிட்டான் என்று நினைத்து, தேரன்று கண்டவர் நின்றவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். வேட்டியும் வாங்கி வைத்தேன். அவன் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு அவன் எடுத்த விசயமாம் அது. நூறு வருசத்துக்கு முதல் ருஷ்யாவில் புரட்சிக்காரரை எதிர்த்துச் சண்டைபிடித்த தொண்டர் படை. சின்னனில் ஐயா எங்களுக்கு வாங்கித் தந்த மொஸ்கோப் புத்தகங்களில் "வெண்படை, வெண்படை" என்று வருமே, அந்தக் கொடியவர்கள்தான். மே தினத்துக்குச் செங்கொடி பிடித்த மனுசனின் பேரன் போயும் போயும் இவர்களைப் பற்றிப் படிக்கிறான். ஐயா இருந்திருந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளிக்கிட்டிருப்பார்.

ஞாயிறுகளில் ஒரு சேர்ச் மண்டபத்தில் கூடுகிறார்கள். அந்தப் படையில் இருந்த ஒருவரின் பேரன்தான் தலைவர். எல்லாரும் அவரைக் கப்டன் என்கிறார்களாம். எங்களுக்கென்ன, இரண்டு வருசம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த பிள்ளை வெளியே போய் நாலு பேரோடு பழகுகிறான். எனக்கு அது போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு.
உன் அக்கா,
சுவர்ணா


திருகோணமலை
2 ஒக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

நான் சுகம். நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். எண்ணெய் பூசுகிறேன். பூசினாலும் வலிக்கிறது, பூசாவிட்டாலும் வலிக்கிறது. ஆனால் வீடு உன்னுடைய வீடு போல மணக்கிறது. ரீச்சர் கடிதத்தைச் சாரி மடிப்புக்குள் வைத்துக் கொண்டு வந்து தந்தா. அந்த ஆட்கள் வரவில்லை. சந்தியில் நின்று பார்ப்பதோடு சரி. என் வேலை படகு எஞ்சின் திருத்துவது. அதில் பார்க்க என்ன இருக்கிறதோ தெரியாது.

வேட்டிக் கதையை வாசித்து நானும் சிரித்தேன். ஐயாவைப் பற்றி நீ எழுதினது உண்மை. வெண்படைக்காரன் செத்தான் என்று வருகிற பக்கத்தை அவர் எங்களுக்கு இரண்டுதரம் வாசித்துக் காட்டுவார்.

ஆனால் அக்கா, ஒன்று கேட்கிறேன். சரித்திரம் படிக்கிற பிள்ளைக்குப் புத்தகசாலை காணும். ஞாயிற்றுக்கிழமை மண்டபம் எதற்கு? செத்துப்போன படைக்குக் கப்டன் எதற்கு?

தொண்டர் படை என்ற சொல்லை வாசித்த உடனே கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். எண்பத்தொன்பதில், இந்திய ராணுவம் ஊரில் நின்ற காலத்தில், ரியூசன் வகுப்புக்குப் போன என்னைப் பிடித்து, தலையை மொட்டையடித்து, கையில் துவக்கைத் தந்தபோது, அதற்கும் தொண்டர் படை என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். எனக்குப் பதினாறு வயது. தொண்டு செய்ய வருகிறாயா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. மருமகனுக்கு இது தெரியாது. நீயும் சொல்லாதே. பிள்ளை படித்து முடிக்கட்டும்.

அத்தானுக்கு என் அன்பு.
தம்பி,
றமணன்


ஹவுன்ஸ்லோ
10 நவம்பர் 2024

அன்புள்ள தம்பி,

எல்லாரும் சுகம். எனக்குத்தான் படியேறினால் கொஞ்சம் இளைக்கிறது. டொக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்க எழுதியிருக்கிறார். நீ உடனே பயப்படாதே. இங்கே தும்மினாலும் படம் எடுப்பார்கள். அத்தானுக்கு எயார்போட்டில் மாறி மாறி ஷிப்ட். வருகிறார், சாப்பிடுகிறார், நியூசைப் போட்டுவிட்டு அதன் முன்னாலேயே நித்திரை கொள்கிறார்.

உன் மருமகன் ஆளே மாறிவிட்டான். விடியக் காலமை எழும்பி, முதுகில் பாரமான பையோடு ஹவுன்ஸ்லோ ஹீத் புல்வெளியைச் சுற்றி ஓட்டமும் நடையுமாகப் போகிறான். பைக்குள் என்னவென்று பார்த்தேன். என் அரிசி மூட்டை! "அடே, அரிசியை ஏன்டா உலாத்தக் கொண்டு போறாய்?" என்று கேட்டேன். "அவை நடந்த மாதிரி நடந்து பாக்கிறன் அம்மா" என்றான்.

அவர்கள் நடந்ததை எனக்குச் சாப்பாட்டு மேசையில் சொன்னான். 1918ஆம் ஆண்டு, நல்ல பனிக்காலத்தில், ஒரு நாலாயிரம் பேர் ஊரை விட்டு வெளிக்கிட்டார்களாம். படிக்கிற பெடியள், தாதிமார், பெரிய பெரிய அதிகாரிகள், எல்லாரும் சாதாரணச் சிப்பாய் போல துவக்கைத் தூக்கிக்கொண்டு. மழையில் நனைந்த கோட்டு அப்படியே உடம்பில் ஐஸாக இறுகிப் போய்விடுமாம். கடைசியில் ஒரு பட்டினத்தைப் பிடிக்கப் போன இடத்தில், தளபதி இருந்த வீட்டுச் சுவரைத் துளைத்துக்கொண்டு ஷெல் வந்து விழுந்து ஆள் முடிந்தார். அடையாளம் தெரியாமல் புதைத்தார்கள். எதிரிகள் தோண்டி எடுத்துத் தெருவால் இழுத்தார்களாம். இதைச் சொல்லும்போது பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பாவமாகப் போயிற்று. இன்னும் இரண்டு அகப்பை புட்டு வைத்தேன்.

கென்ற் பக்கம் ஒரு வயலில் அந்தச் சண்டையை நாடகமாக நடிக்கப் போகிறார்களாம். அவன் போடுகிற உடுப்பில், இடது கையில், வெள்ளை நீலம் சிவப்பு நாடாவைக் கவிழ்த்த கூம்பு போல மடித்துத் தைக்க வேணும் என்றான். நான்தான் தைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன் நின்றான். ராசா மாதிரி இருந்தான் தம்பி. கண்ணூறு படும் என்று நாவூறு கழித்தேன்.

உன் பழைய கதையை நான் ஏன் சொல்லப் போகிறேன்?
அக்கா


திருகோணமலை
1 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நான் சுகம். உன் நெஞ்சுப் படம் என்ன சொல்கிறது என்று ஒளிக்காமல் எழுது. கொழும்பில் இருந்து லண்டன் போகிற ஒருவரைப் பிடித்து இதை அனுப்புகிறேன். ஆறுதலாக வாசி, ஆனால் வாசித்த பிறகு ஆறுதலாக இருக்காதே.

நாடகம் நடிக்கிறவன் அரிசி மூட்டையோடு ஓட மாட்டான். நடிக்கிறவன் உடுப்பைப் போட்டுப் படம் எடுத்துவிட்டுப் போய்ப் பியர் குடிப்பான். பாரம் சுமந்து விடிய ஓடுகிறவன் எங்கேயோ போகப் போகிறான். எனக்கு இது படித்துத் தெரிந்ததல்ல.

உக்ரேனில் நடக்கிற சண்டையில் பிற நாட்டுப் பெடியள் போய்ச் சேருகிறார்கள் என்று இங்கே பேப்பரிலும் வருகிறது. அதிலும் தொண்டர் படை என்று பெயர் வைத்துக்கொண்டு சில கூட்டங்கள் இருக்கின்றன. உன் கப்டனுக்கு அந்தப் பக்கம் தொடர்பு இருக்கிறதா? அவன் போட்டுக்கொண்டு ஓடுகிற சப்பாத்தை யார் வாங்கிக் கொடுத்தது? புதிதாகச் சேர்ந்த பெடியளில் யாராவது திடீரென்று காணாமல் போயிருக்கிறார்களா? இதையெல்லாம் மெல்லமாகக் கேள். சத்தம் போட்டால் வாயை மூடிவிடுவான்.

இன்னொன்று. எங்கள் ஊரில் பெடியள் வெளிக்கிட்டுப் போன காலத்தில் தாய்மார் எதைப் பார்த்துப் பயந்தார்கள் என்று யோசித்துப் பார். குழப்படிக்காரன் குழப்படி செய்தால் ஒருத்தியும் பயப்படவில்லை. அவன் திடீரென்று நல்ல பிள்ளையானால்தான் பயந்தார்கள். சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்தால், கேட்காமல் கிணற்றடியில் தண்ணி அள்ளித் தந்தால், அம்மாவின் மடியில் வந்து தலை வைத்தால்.

அவனுடைய பாஸ்போட்டை எடுத்து ஒளித்து வை. அத்தானிடமும் சொல்லாதே. அவர் வெள்ளை மனசுக்காரர், அவன் கேட்டால் தேடிக் கொடுத்துவிடுவார்.

றமணன்


ஹவுன்ஸ்லோ
22 டிசம்பர் 2024

அன்புள்ள தம்பி,

எல்லாரும் சுகம். இங்கே நல்ல குளிர். கிறிஸ்மஸ் என்று தெரு முழுக்க லைற்.

உன் கடிதம் என்னைக் கோபப்படுத்தியது. நீ பட்டது கொஞ்சமில்லை, அது எனக்குத் தெரியும். அதற்காக உலகத்துப் பிள்ளைகள் எல்லாரையும் உன்னுடைய கண்ணால் பார்க்கக் கூடாது. இது லண்டன். இங்கே எங்கள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போக யார் இருக்கிறார்கள்? நேரடியாகவே கேட்டேன்: "சண்டைக்குப் போகப் போறியோடா?" சிரித்துவிட்டு, "அம்மா, அது ஹிஸ்ற்றி. எல்லாரும் செத்திட்டினம்" என்று என் கன்னத்தைக் கிள்ளினான்.

அவனுடைய கேம் விளையாடுகிற பெட்டியை லண்டனிலேயே மிச்சம் என்ற இடத்தில் இருக்கிற எங்கள் மச்சாளின் மகள் கம்சிகாவுக்குக் கொடுத்துவிட்டான். படிக்க இடைஞ்சலாம். போன கிழமை கூழ் காய்ச்சித் தரச்சொல்லிக் கேட்டான். இருபத்துமூன்று வயதுவரைக்கும் கூழ் மணத்துக்கே மூக்கைப் பொத்தின பிள்ளை. மூன்று கோப்பை குடித்தான். பிறகு நான் ரீவியில் நாடகம் பார்த்துக்கொண்டிருக்க, வந்து என் மடியில் தலையை வைத்துப் படுத்தான். நான் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். நாடகத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

பாஸ்போட் அரிசி வாளிக்குள் இருக்கிறது. நீ சொன்னதற்காகத்தான் வைத்தேன், நம்பி வைக்கவில்லை.

இனி இதைப் பற்றி எழுதாதே. எழுதுவதென்றால் உன் கால் வலியைப் பற்றி எழுது.
அக்கா


திருகோணமலை
12 ஜனவரி 2025

என் அன்பு மருமகன் நிருஜனுக்கு,

மாமாவின் ஆசிகள். நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உனக்கு இதுவரைக்கும் நான் எழுதினதில்லை. மெல்ல மெல்ல எழுத்துக் கூட்டி வாசி. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் கம்சிகா வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

நீ படிக்கிற படையைப் பற்றி இங்கே நூலகத்தில் தேடி வாசித்தேன். அவர்கள் 1919இல் மொஸ்கோவை நோக்கிப் போனார்கள். இன்னும் கொஞ்சத் தூரம்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். பிரித்தானியா உடுப்பும் யுத்தத் தாங்கியும் கொடுத்தது. அடுத்த வருசம் கறுங்கடல் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்து நின்றார்கள். எல்லாருக்கும் கப்பலில் இடமில்லை. இவ்வளவும் உனக்கு என்னை விட நன்றாகத் தெரியும்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். என்னையும் பதினாறு வயதில் ஒரு தொண்டர் படையில் சேர்த்தார்கள். பிடித்துக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். எங்களுக்குத் துவக்குத் தந்த பெரிய ராணுவம் ஒருநாள் சாமானைக் கட்டிக்கொண்டு தன் நாட்டுக்குப் போயிற்று. நாங்கள் இந்தத் திருகோணமலைத் துறையில் நின்றோம். என்னோடு நின்றவர்களில் சிலர் ஏறினார்கள். மற்றவர்களை அடுத்த கப்பலுக்கு வரச் சொன்னார்கள். அடுத்த கப்பல் வரவில்லை. பின்னால் எங்களைத் தேடி இயக்கத்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நானும் இன்னொரு பெடியனும் ஒரு கழிவுநீர்க் கானுக்குள் இறங்கினோம். நான் மட்டும்தான் வெளியே வந்தேன்.

நீ போக நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இல்லையென்று எழுதாதே. முடிவெடுக்கமுதல் இங்கே ஒருதரம் வா. அந்தத் துறையில் என்னோடு வந்து நில். அதற்குப் பிறகும் போக வேணும் என்றால் நான் மறிக்க மாட்டேன்.

எங்கே போவதென்றாலும் தாய்க்குச் சொல்லாமல் போகாதே. நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல்தான் ரியூசனுக்கு ஓடினேன். எங்கள் ஆட்கள் வாசலில் நின்று "போறன்" என்று சொல்லக் கூடாது. "போட்டு வாறன்" என்று சொல்ல வேணும். சொன்னவன் வர வேணும். அதற்காகத்தான் அப்படிச் சொல்கிறது.

அன்புடன்,
மாமா


ஹவுன்ஸ்லோ
2 பெப்ரவரி 2025

டியர் மாமா,

நான் நல்லா இருக்கிறன். நீங்களும் நல்லா இருக்கோணும். என்ர தமிழ் பிழை எண்டா மன்னிச்சுக்கொள்ளுங்கோ. சனிக்கிழமைத் தமிழ் ஸ்கூல் தமிழ்தான். கதைக்கிற மாதிரித்தான் எழுத வரும்.

உங்கட லெட்டரை கம்சிகா வீட்டு பாத்ரூமிலை இருந்து வாசிச்சன். மூண்டு தரம். உங்களுக்கு இப்பிடி நடந்தது எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. மாமாக்கு மூட் சரியில்லை, மாமா போன் பாவிக்கிறேல்லை, அவ்வளவுதான் இந்த வீட்டிலை சொல்லுவினம். ஐ ஆம் ஸோ ஸொறி, மாமா.

உங்களுக்குப் பொய் சொல்ல ஏலாது. ஓம், போற பிளான் இருக்கு. கப்டன்ர ஆக்கள் அங்கை, உக்ரேன் பக்கம் நிண்டு சண்டைபிடிக்கிற ஒரு யூனிற் வைச்சிருக்கினம். எங்கட குறூப்பிலை ரெண்டு பேர் ஏற்கனவே போயிட்டினம். அவையின்ர தாத்தாமார் மொஸ்கோக்குப் போக வெளிக்கிட்டுப் பாதியிலை விட்ட வேலையை முடிக்கிறம் எண்டு கப்டன் சொல்லுறவர். அது கொஞ்சம் ஓவர்தான், எனக்கும் தெரியும். எனக்கு மொஸ்கோ முக்கியமில்லை.

கோவிக்காதேங்கோ, நான் நினைக்கிறதைச் சொல்லுறன். அப்பா ஓடி வந்தவர். உங்களைப் பிடிச்சுக்கொண்டு போனவை. எங்கட வீட்டிலை ஒருத்தரும் தானா ஒண்டுக்கும் போகேல்லை. அந்த நாலாயிரம் பேரும் தோக்கிறது தெரிஞ்சும் தாங்களா நடந்தவை. அதைப் படிச்ச நாளிலை இருந்து எனக்கு நித்திரை வருகுதில்லை. வொலன்டியர் எண்டா அதுதான், மாமா. உங்களுக்குச் செய்தது வொலன்டியர் இல்லை, அது கிட்நாப்.

ஆனா உங்கட லெட்டருக்குப் பிறகு எனக்கு குழப்பமா இருக்கு. நான் உங்களிட்டை வாறன். ஈஸ்டர் லீவிலை வந்து அந்த இடத்தைப் பாத்திட்டுத்தான் முடிவெடுப்பன். புறொமிஸ். பாஸ்போட்டைத்தான் காணேல்லை. அம்மா ஒளிச்சு வைச்சிருக்கிறா எண்டு நினைக்கிறன். நீங்கள் சொன்னாத் தருவா. மற்ற விசயம் அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ, பிளீஸ். அவவின்ர ஹாட் அவ்வளவு நல்லாயில்லை. சொன்னா நான் உங்களிட்டை வராமல் நேரா சண்டைக்குத்தான் போவன்.

அன்புடன்
நிருஜன்


திருகோணமலை
20 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

நான் சுகம். உன் நெஞ்சு எப்படி? படம் எடுத்துவிட்டு ஒன்றும் எழுதாமல் இருக்கிறாயே. கால் வலியைப் பற்றி எழுதச் சொன்னாய்: வலிக்கிறது.

ஒரு நல்ல செய்தி. மருமகன் ஈஸ்டர் லீவுக்கு என்னிடம் வர ஆசைப்படுகிறான். கடிதம் போட்டிருந்தான். எழுத்துப் பிழையை எண்ணினால் விடியும், ஆனாலும் எனக்குச் சந்தோசம். பாஸ்போட்டை எடுத்துக் கொடு. டிசம்பரில் நான் எழுதினதை மறந்துவிடு. நீ சொன்னது போல எனக்குப் பயந்த புத்தி. என்னிடம் வந்து இரண்டு கிழமை நின்றால் எல்லாம் சரியாகிவிடும்.

வேறொன்றும் இல்லை. ஏன் எதற்கு என்று அவனைக் குடையாதே. சந்தோசமாக அனுப்பி வை.

வந்து சேர்ந்தானா என்று அறியப் பக்கத்துக் கடைக்கோ வேறு எங்குமோ போன் எடுக்க வேண்டாம். லண்டன் பெடியன் ஒருவன் என் வீட்டில் நிற்கிறான் என்று தெரிந்தால் அந்த ஆட்கள் வந்து அவனையும் இருத்தி வைத்து விசாரிப்பார்கள். அவனையும் போனை அணைத்து வைக்கச் சொல்லு. வந்ததும் நானே எழுதுகிறேன்.

வெயில் காலம் தொடங்குகிறது. மெல்லிய சேட்டுகளாகப் பார்த்துக் கொடுத்து விடு.
தம்பி,
றமணன்


ஹவுன்ஸ்லோ
6 ஏப்ரல் 2025

என் அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். நீங்கள் இரண்டு பேரும் சுகமா? இப்படி எழுத எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா!

பிள்ளை வியாழக்கிழமை வெளிக்கிட்டான். நீ இதை வாசிக்கும்போது உன் வீட்டு மீன் முழுவதையும் முடித்திருப்பான். பாஸ்போட்டை அரிசிக்குள் இருந்து எடுத்து, தூசு தட்டி, சுவாமிக்கு முன்னால் வைத்துத்தான் கொடுத்தேன். "அம்மா, இதை வைச்சோ கஞ்சி காய்ச்சினனீங்கள்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தோம். அத்தானுக்கு அன்று ஷிப்ட். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றும், ரக்சி சொல்லிவிட்டேன் என்று அவன் மறுத்துவிட்டான்.

நீ சொன்னபடி மெல்லிய சேட்டுகளை அடுக்கி வைத்தேன். பையை மூடும்போது பார்க்கிறேன், அவன் வாங்கின தடித்த கம்பளிக் காலுறைகள் அடியில் கிடக்கின்றன. "திருகோணமலை வெயிலுக்கு உது எதுக்கடா?" என்று கேட்டேன். "பிளேனுக்குள்ளை குளிரும் அம்மா" என்றான். உன்னிடம் வந்தும் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தால் கழற்றி எறி. கால் அவிந்து போகும்.

இதைத்தான் உனக்குச் சொல்ல வேணும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். இவன் சின்னனில் இருந்து எங்கே போனாலும், "அம்மா, நான் போறன்" என்றுதான் கத்துவான். பள்ளிக்கூடத்துக்கும் "போறன்", கடைக்கும் "போறன்". இங்கே பிறந்த பிள்ளைக்கு அது வெறும் வார்த்தை. நான் ஒவ்வொருதரமும் ஓடிப்போய், "போட்டு வாறன் எண்டு சொல்லடா, சனியன்" என்று ஏசுவேன். ஒருநாளாவது சொன்னானா? அன்று வாசலில் நின்று, என்னைக் கட்டிப்பிடித்து, நிறுத்தி நிதானமாக, "அம்மா, போட்டு வாறன்" என்று சொன்னான். தம்பி, எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்துமூன்று வருசமாக நான் தலைகீழாக நின்றும் வராத சொல். அந்தச் சந்தோசத்தில் பயணத்துக்குக் கட்டி வைத்த சோற்றுப் பார்சலைக் கொடுக்க மறந்து போனேன். ரக்சி மூலையில் திரும்பின பிறகுதான் நினைவு வந்தது. நீதான் சொல்லிக் கொடுத்தாயோ? அப்படியென்றால் உனக்கு ஆயிரம் புண்ணியம்.

போனை அணைத்து வைத்திருக்கிறான். நீ சொன்னபடி நான் ஒருவருக்கும் எடுக்கவில்லை. ஆனால் வந்து சேர்ந்தான் என்று இரண்டு வரி கெதியாக எழுது.

நெஞ்சுப் படத்தைப் பற்றி எழுதாமல் இருந்தேன். மே பன்னிரண்டாம் திகதி ஆஸ்பத்திரியில் ஒரு வேலை செய்ய வேணுமாம். நெஞ்சைத் திறந்துதான் செய்வார்கள். அவனுக்குச் சொல்லவில்லை, சொன்னால் உன்னிடம் வராமல் நின்றுவிடுவான். பயணம் கெட்டுப் போகும் என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்கு முதல் அவனை அனுப்பிவிடு. மயக்க மருந்து தருகிறபோது பிள்ளை பக்கத்தில் நின்றால் எனக்குப் பயமில்லை.

சந்தோசத்துடன்,
அக்கா சுவர்ணா


(திகதியில்லை. போலந்து முத்திரை)

மாமா,

உங்கட முகத்திலை முழிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நான் அங்கை வரேல்லை. வரவும் மாட்டன். அங்கை வந்து உங்களோடை நிண்டா என்னாலை போக ஏலாது எண்டு தெரியும். அதாலைதான் வரேல்லை.

நாளைக்கு எல்லை தாண்டுறம். முதல் ரெண்டு மாசம் ட்றெயினிங் மட்டும்தான் எண்டு சொல்லியிருக்கினம். அதுக்குப் பிறகு நானே அம்மாவுக்குச் சொல்லுவன். அதுவரைக்கும் உங்களோடை நிக்கிறன் எண்டே அவ நினைக்கட்டும். இந்த ஒரு ஹெல்ப் மட்டும்.

நீங்கள் சொன்னபடி அம்மாவுக்குச் சொல்லிட்டுத்தான் வந்தனான். அவ சிரிச்சவ. அந்த முகத்தைத்தான் நான் கொண்டு போறன்.

நிருஜன்


திருகோணமலை
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நாங்கள் இரண்டு பேரும் சுகம்.

உன் கடிதம் நேற்று வந்தது. எழுதப் பிந்திப் போனதற்குக் கோபிக்காதே. கொழும்புக்குப் போகிற ஆள் கிடைக்கவில்லை. மருமகன் சொன்ன நாளுக்கு வந்து சேர்ந்தான். பயணக் களைப்பில் முதல் இரண்டு நாளும் ஒரே நித்திரை. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான். நான் வைக்கிற சொதி உன்னுடைய சொதி போல இல்லையாம். கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அடுத்தடுத்து மூன்று வாளி அள்ளித் தலையில் ஊற்றிவிட்டுச் சின்னப் பிள்ளை போலக் கத்தினான். கம்பளிக் காலுறையைக் கண்டு நானும் சிரித்தேன். கழற்றிவிட்டான்.

துறைமுகப் பக்கமும் ஒருநாள் போனோம். இருட்டும்வரைக்கும் அங்கே நின்றுவிட்டு வந்தோம்.

மே பன்னிரண்டாம் திகதியைப் பற்றி எழுதியிருந்தாய். அதை நான் அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. நீ பயப்படாதே, அங்கே நல்ல டொக்டர்மார். அத்தான் பக்கத்தில் நிற்பார். பிள்ளைக்கு இந்த இடம் பிடித்துக்கொண்டது. டிக்கெட்டை மாற்றலாமாம், விசாரித்தேன். இன்னும் கொஞ்ச நாள் என்னோடு நிற்கட்டும், அக்கா.

போன் மட்டும் எடுக்காதே. சந்தியில் அந்த ஆட்கள் நிற்கிறார்கள்.

இப்போது முன்னறையில் காற்றாடிக்குக் கீழே படுத்திருக்கிறான். நித்திரையால் எழும்பினதும் உனக்கு இரண்டு வரி எழுதச் சொல்கிறேன்.

அன்புத் தம்பி,
றமணன்